சேரிக்கு வராத காயிதம்

1901ஆம் வருஷம். சாத்தாராவிலிருந்து சிறுவர்கள் சிலர் கோரேகாவில் காசாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்த தகப்பனைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். புதுச் சட்டை, புதுக் குல்லாய். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி நிற்கிறார்கள். கூப்பிட்டுப்போக ஒருவரும் வரவில்லை. அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், பிள்ளைகள் வாயிலிருந்து 'மகார்' என்ற சொல் வந்ததும் முகம் மாறி நகர்ந்துவிடுகிறார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டிப்புக் கூலிக்கு ஒருவர் இசைகிறார், அதுவும் வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற குறிப்புகளில் இதை எழுதிய அண்ணல் அம்பேத்கர்.

வண்டியைப் பற்றி நாம் எவ்வளவோ பேசிவிட்டோம். தண்ணீரைப் பற்றியும் பேசியாயிற்று. கூட்டம் போட்டால் ஒருத்தராவது இந்தக் கதையைச் சொல்லாமல் மைக்கைக் கீழே வைப்பதில்லை. ஆனால் கூப்பிட்டுப்போக ஏன் யாரும் வரவில்லை? நாங்கள் வருகிறோம் என்று பிள்ளைகள் முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் கோரேகாவுக்குப் போய்ச் சேரவும் செய்தது. தகப்பனின் சேவகன் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, கொடுக்க மறந்துபோனான். இவ்வளவும் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. ஒரு காயிதம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகாமல் நின்றதுதான் அந்த ராத்திரியின் தொடக்கம். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வெறும் மறதிதான். வேறு வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருந்தால் அந்த மறதிக்கு விலை ஒரு மணிநேரக் காத்திருப்பாக இருந்திருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கோ அது உயிர் பிழைப்பா என்ற கேள்வியாக ஆயிற்று. தபால் தொலைந்தால் எல்லோருக்கும்தானே நஷ்டம், இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வது.

தபாலின் கதையை வெள்ளைக்காரன் பெருமையாக எழுதி வைத்திருக்கிறான். 1837இல் கும்பினி தபாலைத் தன் ஏகபோகமாக்கியது. 1854இல் டல்ஹௌசி காலத்தில் தூரக் கணக்கு போய் எடைக் கணக்கு வந்தது. கால் தோலா எடையுள்ள கடிதம் அரை அணாவுக்கு இந்தியாவின் எந்த மூலைக்கும் போகும். 1879இல் கால் அணாவுக்குத் தபால் கார்டு, 1880இல் மணியார்டர். நம்மைப் பொறுத்தவரை இதில் ஒரு விஷயம் இருக்கிறது. தபால்தலைக்குச் சாதி தெரியாது. அரை அணாத் தலையை ஒட்டினால் அக்கிரகாரத்துக் கடிதமும் சேரிக் கடிதமும் ஒரே பையில் ஒன்றன்மேல் ஒன்று தொட்டுக்கொண்டு போகும். ஊரில் நடக்காத சமபந்தி தபால் பைக்குள் நடந்தது.

நம் முன்னோர் இதைப் புரிந்துகொண்டவர்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அது பிறகு 'தமிழன்' ஆகி, கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று போயிற்று. அச்சடித்தது மட்டுமா அங்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது? கட்டு கட்டி, விலாசம் எழுதி, தலை ஒட்டிப் போட்ட தபால் சேர்த்தது. சுரங்கத்து லயன் வீட்டில் ஒருத்தர் படிக்க, சுற்றிலும் நாலு பேர் கேட்டார்கள். அப்படித்தான் ஒரு அரசியல் உருவானது. தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகள் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுப் புக் போஸ்டில் வந்ததும் இதே வழியில்தான். பத்து பிரதி அனுப்பினால் ஏழு போய்ச் சேரும் என்று கணக்கு வைத்துக்கொண்டே ஒட்டினோம்.

ஆனால் பை எங்கே அவிழ்க்கப்படுகிறது? அங்கேதான் சமபந்தி முடிகிறது.

1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எதிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் போவதைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். செப்டம்பரில் அது அரசாணையாக வந்தது. அலுவலகத்துக்குள் போகலாம் என்று ஆணை போட வேண்டியிருந்தது என்றால் அதுவரை என்ன நிலைமை என்று யோசித்துக்கொள்ளுங்கள். அலுவலகம் இருக்கிற தெருவுக்குள்ளேயே போக முடியாதவன் அங்கே கவுண்டரில் கை நீட்டுவது எப்படி? காசைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கார்டு வாங்கினதை என் ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். "கார்ட வாசப்படியில போட்டுட்டு உள்ள பூடுவாரு. அப்பறமா நாங்க போயி எடுத்துக்குவோம்" என்பாள். எந்தத் தபாலாபீசு என்று அவள் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

என் ஊர் வில்லியனூர் கொம்யூனில் ஒரு சேரி. தாய்வழிச் சொந்தமெல்லாம் பாகூர் பக்கம். இந்த மண்ணின் கதை சென்னை மாகாணத்துக் கதையிலிருந்து கொஞ்சம் வேறு. 1924 ஆணை பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது. இங்கே சட்டத்தின் பாஷையே வேறு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மேரிக் கட்டடத்தில் எழுதி வைத்திருந்தான், சேரித் தெருவில் விளக்கு வைக்கவில்லை. பிரெஞ்சிந்தியா என்பது ஒரே துண்டாக இருந்த நிலமும் அல்ல. வில்லியனூர், பாகூர் கிராமங்களுக்கு நடுவே நடுவே தென்னார்க்காட்டுக் கிராமங்கள் இருந்தன. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் வேறு ராஜ்ஜியம். 1879இல் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ரயில் வந்தது, கால் அணாக் கார்டு வந்த அதே வருஷம். 1892இலிருந்து பிரெஞ்சிந்தியாவுக்கென்றே தபால்தலை உண்டு. பின்னாளில் அதில் பணம், காசு என்று நம்மூர்க் கணக்கே அச்சாயிற்று. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். இங்கிலீஷ்காரனின் தபாலாபீசும் பிரெஞ்சு எல்லைக்குள்ளேயே தனியாக நடந்தது. இரண்டு தபால்துறை இருந்தும் சேரிக்கு ஒன்றுகூட வந்து சேரவில்லை என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சேரிக்குத் தபால் எங்கிருந்து வரும்? சைகோனிலிருந்து வரும். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சொந்த சாதி முறைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்தவர்கள் உண்டு. அப்படிக் கையெழுத்திட்டவர்களில் நம் மக்களும், நம்மிலிருந்து கிறித்துவரானவர்களும் கணிசம். கையெழுத்திட்டதும் புதிதாகக் குடும்பப் பெயர் ஒன்று வரும், பிரெஞ்சுப் பெயராக. அந்தப் பெயரோடு இந்தோசீனாவுக்குப் பட்டாளத்துக்கும் உத்தியோகத்துக்கும் கப்பலேறினார்கள். அங்கிருந்து வரும் கவரில் புதுப் பெயர் இருக்கும். இங்கே ஊர்க்காரன் வாயில் பழைய பெயர்தான், அதையும் முழுதாகச் சொல்ல மாட்டான். 'இப்படி ஒரு ஆள் இங்க இல்ல' என்று திருப்பி அனுப்ப அது ஒரு வசதி. பெயரை மாற்றிக்கொண்டவனை அந்தப் பெயரால் கூப்பிட மறுப்பது வெறும் வாய்ப்பேச்சாக நிற்காமல் பணம் வராமல் போவதாகவும் முடிந்தது. என் பாட்டனாரின் தம்பி சொல்தாவாகப் போனவர். அவர் அனுப்பியதில் பாதிதான் வந்தது என்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நடக்கும் சண்டை. அனுப்பவில்லையா, வரவில்லையா என்பதை இனி யாரும் தீர்க்க முடியாது.

அதைவிடப் பெரிய காயிதம் ஒன்று 1962இல் வந்திருக்க வேண்டும். 1954 அக்டோபர் 18இல் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16இல்தான். 1956 ஒப்பந்தப்படி, இங்கே பிறந்து இங்கே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கவனியுங்கள், எழுத்தில், அதுவும் ஆறு மாதத்துக்குள். பட்டணத்தில் இருந்தவனுக்கும் படித்தவனுக்கும் இது தெரிந்தது. சேற்றில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவனுக்கு? "அது முடிஞ்சி போயி மக்யா வருசந்தான் எங்களுக்குத் தெரியும்" என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொன்னார். எழுதிக் கொடுத்தவர்களின் பேரப் பிள்ளைகள் பாரீசிலும் ரெயூனியனிலும் இருக்கிறார்கள், பான்சியோன் வந்தது, வீடு மாடியாயிற்று. எழுதிக் கொடுக்காதவர்கள் அதே ஏரிக்கரைக் கழனியில். பிரெஞ்சுக் குடியுரிமை பெரிய விடுதலை என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்கிற உரிமை செய்தி எட்டியவனுக்கு மட்டுந்தான் கிடைத்தது.

சரி, சுதந்திர நாட்டுத் தபாலுக்கு வருவோம். 1947இல் இந்தியா முழுக்க 23,344 தபாலாபீசுகள். இன்று அது ஒன்றரை லட்சத்துக்கும் மேல். நல்ல விஷயம்தான். ஆனால் இதில் பத்துக்கு எட்டு கிளைத் தபாலாபீசு, அதாவது இ.டி. தபாலாபீசு. அரசாங்கம் கட்டடம் கட்டித் தராது. ஊரிலேயே ஒருவரைப் பிடித்து, மூணு நாலு மணிநேர வேலை என்று சொல்லி, சம்பளம் என்று பெயர் வைக்காமல் 'படி' கொடுத்து நடத்துகிற முறை இது. கும்பினி காலத்து ஏற்பாடு. 1957இல் அமைத்த ராஜன் கமிட்டிக்குப் பின் 1964இல் இதற்கு விதிகள் வந்தன. கிளைப் போஸ்ட்மாஸ்டருக்கு இரண்டு நிபந்தனை: பிழைப்புக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும், ஆபீசு வைக்க அவரே இடம் தர வேண்டும்.

இந்த இரண்டு வரியையும் நம் கிராமத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். வேறு வருமானம் என்றால் நிலம். இடம் என்றால் ஊர்த் தெருவில் திண்ணை வைத்த வீடு. சாதிப் பெயரை ஒரு இடத்திலும் எழுதாமல் யார் உட்கார வேண்டும் என்று எழுதியாயிற்று. அரசாங்கத்தின் சிவப்புப் பெட்டி ஆண்டையின் வீட்டுச் சுவரில் தொங்கியது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். இடஒதுக்கீடு, முன்னுரிமை என்று பிறகு உத்தரவுகள் வந்தன. நான் அறிந்த ஒரு தம்பிக்கு வேலையும் கிடைத்தது. ஆபீசு வைக்க ஊருக்குள் ஒருத்தரும் வாடகைக்கு இடம் தரவில்லை. சேரியில் வைத்தால் ஊர்க்காரர்கள் வர மாட்டோம் என்றார்கள். அவர் விட்டுவிட்டு மேஸ்திரி வேலைக்குப் போய்விட்டார்.

திண்ணையிலிருந்து சேரிக்கு அரை மைல். சென்னையிலிருந்து, டில்லியிலிருந்து, சைகோனிலிருந்து வந்த காயிதம் அந்த அரை மைலைத் தாண்டுவதில்தான் நம் வரலாறு கிடக்கிறது. தபால்காரர் சேரிக்குள் சைக்கிளை விடுவதில்லை. டீக்கடையில் கொடுத்துவிடுவார், பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் கொடுத்துப் பிள்ளைகளிடம் அனுப்புவார், சேரிமுனைப் புளியமரத்தடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். முதியோர் உதவித்தொகை மணியார்டர் என்றால் மட்டும் உள்ளே வருவார், ஏனென்றால் அதில் அஞ்சோ பத்தோ பிடித்துக்கொள்ளலாம். இதெல்லாம் எங்கள் தெருக் கதை மட்டுமல்ல. 2001-02இல் பதினோரு மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி ஆய்வு நடத்தி 2006இல் புத்தகமாக வெளியிட்டார்கள். 23.5 விழுக்காடு கிராமங்களில் தலித் வீடுகளுக்குத் தபால் கொண்டுவந்து கொடுக்கப்படுவதில்லை என்று அதில் பதிவாகியிருக்கிறது. நாலில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி அந்தக் கணக்கில் இல்லை. இருந்திருந்தால் எண் எந்தப் பக்கம் போயிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

இனி எங்கள் அண்ணன் கதை. 1988. எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து ஆறேழு வருஷம் காத்திருந்தபின் ஒரு அரசு வேலைக்கு நேர்முகத் தேர்வுக் கார்டு வந்தது. தேர்வு 14ஆம் தேதி. கார்டு எங்கள் வீட்டுக்கு வந்தது 23ஆம் தேதி, நாலாவது படிக்கிற பையன் ஒருவன் புத்தகப் பைக்குள்ளிருந்து. கார்டின் பின்பக்கம் கிளைத் தபாலாபீசு முத்திரை தெளிவாக இருந்தது: 11. அதாவது மூன்று நாள் முன்னாலேயே வந்து, பன்னிரண்டு நாள் திண்ணையில் கிடந்திருக்கிறது. யாராவது வேண்டுமென்று வைத்துக்கொண்டார்களா? எனக்கு இன்றுவரை தெரியாது. மறதியாகவும் இருக்கலாம். கோரேகாவில் இருந்த மாதிரி.

அண்ணன் புகார் எழுதினார். முத்திரையைக் காட்டி, தேதியைக் காட்டி, மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில். அந்தப் பதிவுத் தபாலையும் அதே திண்ணையில்தான் போட வேண்டியிருந்தது. வேண்டாம் என்று வில்லியனூர் வரை நடந்துபோய்ப் போட்டார். நாலு மாதம் கழித்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். வந்தவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. போஸ்ட்மாஸ்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். நைனாவும் கூடப் போனார்.

"காயிதம் கெடச்சிதா இல்லியா?"

"கெடச்சிது சார். ஆனா தேதி முடிஞ்சி…"

"கெடச்சிதா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"கெடச்சிது சார்."

"அப்ப கெடச்சிதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

பக்கத்தில் போஸ்ட்மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவர் நிலத்தில்தான் அம்மா அறுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். நைனா அண்ணன் கையைப் பிடித்து அழுத்தினார். அண்ணன் எழுதிக் கொடுத்தார். 'தபால் கிடைத்ததாக முகவரிதாரரே ஒப்புக்கொண்டுள்ளார்' என்று கோப்பு முடிந்தது. திரும்பி வரும்போது நைனா ஒன்றுதான் சொன்னார்: "நீ யாரப் பத்தி எழுதினியோ அவங்கையிலியே கொண்டாந்து குடுத்துட்டாம்பாரு. ஒஞ் காயிதம் மட்டும் கரெக்டா போயி சேந்துருக்குது." அந்த ஒதுக்கீட்டு இடத்துக்குத் 'தகுதியான நபர் கிடைக்கவில்லை' என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டதுண்டு. போய் என்ன? 1898ஆம் வருஷத்துத் தபாலாபீசுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொன்னது இதுதான்: தபால் தொலைந்தாலும், மாறிப்போனாலும், தாமதமானாலும், கெட்டாலும் அரசாங்கம் பொறுப்பல்ல. ஊழியரும் பொறுப்பல்ல, மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்தார் என்று காட்டினால் ஒழிய. திண்ணையில் நடந்ததை வேண்டுமென்று செய்தார் என்று எந்தச் சாட்சியை வைத்துக் காட்டுவது, சாட்சி சொல்கிறவனும் அதே நிலத்தில் கூலிக்குப் போகிறபோது? தபால்துறைக்கும் அனுப்புகிறவருக்கும் இடையில் ஒப்பந்தம் எதுவும் இல்லை, அது ஒரு அரசுப் பணி மட்டுமே என்று 1980இல் உச்ச நீதிமன்றம் முகமது நசீம் வழக்கில் சொன்னது. நுகர்வோர் சட்டம் வந்தபின் நம்பிக்கை வந்தது. 1993இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சங்கர் ராவ் வழக்கில் அதே 6ஆம் பிரிவைக் காட்டிக் கதவைச் சாத்தியது. பதிவுத் தபால் தொலைந்தால் கருணைத் தொகை நூறு ரூபாய் என்பதுதான் துறையின் கணக்காக இருந்தது. போன வேலைக்கு, போன காலத்துக்கு அதில் பத்தி கிடையாது.

வேடிக்கை என்னவென்றால் இன்னொரு சட்டம் இருக்கிறது. 1897ஆம் வருஷத்துப் பொது வாசகங்கள் சட்டம், பிரிவு 27. சரியான விலாசம் எழுதி, தலை ஒட்டி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டால், அது உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று நீதான் காட்ட வேண்டும். நிலத்தைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசு, கடன் நோட்டீசு, வேலை நீக்க நோட்டீசு எல்லாம் இந்தப் பிரிவில்தான் வரும். முதல் சட்டப்படி, வராவிட்டால் யாரும் பொறுப்பல்ல. இரண்டாவது சட்டப்படி, வராவிட்டாலும் வந்ததுதான். ஒரே வருஷ இடைவெளியில் எழுதிய இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த அரை மைல் கிடக்கிறது.

1898 சட்டம் இப்போது இல்லை. 2023 டிசம்பரில் புதுத் தபாலாபீசுச் சட்டம் நிறைவேறி 2024 ஜூன் 18இல் அமலுக்கு வந்தது. காலனியச் சட்டத்தைத் தூக்கி எறிந்தோம் என்று பேசினார்கள். 10ஆம் பிரிவைப் படித்தேன். பிரிவு எண் மாறியிருக்கிறது. துறை பொறுப்பேற்காது, விதிகளில் சொன்ன அளவைத் தவிர. ஊழியர் பொறுப்பல்ல, மோசடியும் வேண்டுமென்று செய்த தவறும் தவிர. வெள்ளைக்காரன் போட்ட திண்ணையில் இவர்கள் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். அந்த இ.டி. ஊழியரையும் அரசாங்கம் ஆளாக மதிக்கவில்லை. அவர் வகிப்பது சிவில் பதவிதான் என்று 1977இல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. 1997இல் தல்வார் கமிட்டி, 2016இல் கமலேஷ் சந்திரா கமிட்டி, 2018 மே மாதத்தில் நாடு தழுவிய வேலைநிறுத்தம். இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இன்னும் 'கிராமிய டாக் சேவக்' என்ற பெயரில் முழு ஊழியர் ஆகாமலே இருக்கிறார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு இப்போது, பத்தாம் வகுப்பு மார்க்கில் தேர்வாகி. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் ஸ்கூட்டரில் சேரிக்குள் வந்து வீட்டு வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிறார். அந்தக் குரலைக் கேட்டு ஒரு கிழவி வெளியே ஓடி வந்ததைப் பார்த்தேன். வந்தது கரெண்டு பில்லோ என்னவோ.

அவருக்குக்கூட ஒரு தலைவலி இருக்கிறது, விலாசம். பாகூர் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், பின்கோடு 607402, கடலூர் வரிசை. வில்லியனூர் 605110, புதுச்சேரி வரிசை. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் கிழித்துப் போட்ட கந்தல் 1972இல் வந்த பின்கோடிலும் அப்படியே இருக்கிறது. தெரியாதவர்கள் 'பாகூர், புதுச்சேரி 605…' என்று எழுதினால் கடிதம் ஊர் சுற்றும். புதுச்சேரி அரசிடம் புகார் சொல்ல முடியாது, தபால் மத்திய அரசுடையது, வட்டம் தமிழ்நாட்டுடையது. கொம்யூன் பஞ்சாயத்தில் சொல்லலாம் என்றால் 1968க்குப் பின் 2006இல்தான் தேர்தலே நடந்தது. அடுத்தது தெரு. கவரில் 'காலனி' என்று எழுதியதும் சாதி எழுதியாயிற்று. 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அது தமிழ்நாட்டுக்கு. எங்கள் தெருவுக்கு அம்பேத்கர் பெயரை நாங்களே பலகை எழுதி வைத்தோம், அந்தப் பெயரில் தபால் வரப் பல வருஷம் ஆயிற்று.

2025இலிருந்து பதிவுத் தபால் தனியாக இல்லை, விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். அண்ணன் அந்த 1988 புகாரின் பதிவு ரசீதையும் நேர்முகக் கார்டையும் ஒரே கவரில் போட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார். போன மாதம் இந்தக் கட்டுரைக்காக எடுத்துக் காட்டினார். ரசீதில் மை மங்கிவிட்டது. கார்டின் பின்னால் 11 என்ற முத்திரை மட்டும் நேற்றுக் குத்தியது மாதிரி இருக்கிறது.